சூடு ஆறுமுன் மூடாதே

என் மகளைப் பெற்றவளுக்கு,

நான் நலம். நீர்நாயும் நலம் என்று எழுதிவிட்டு, செத்த விலங்குக்கு அந்தச் சொல் பொருந்துமா என்ற ஐயத்தில் அடித்துவிட்டேன். மேலே தெரியும் அடித்தல் அதுதான், வேறொன்றும் இல்லை. நீயும் மகளும், இன்னும் நான் முகம் பார்க்காத என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. மகள் உன்னை ஒரு வருடம் தங்கச் சொல்கிறாள், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். என் வழக்கப்படி ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்கு விட்டுப்போகாது.

விலங்குக் காட்சிசாலையின் கிழட்டு நீர்நாயை உனக்குத் தெரியும். பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று சீட்டியடிப்பார்கள், அதுவும் உள்ளிருந்து பதில் சீட்டியடிக்கும். அதனால் விசில்காரி என்று பெயர். அவள் காலம் முடிந்தால் தோலைப் பாடம் செய்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அருங்காட்சியகத்து அம்மையார் கேட்டுக்கொண்டபோது, கை நடுங்குகிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று நழுவப் பார்த்தேன். "அதெல்லாம் செய்வாரு" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னவள் நீ.

விசில்காரி போன வாரம் போய்விட்டாள். காட்சிசாலையில் அவளை வளர்த்த காப்பாளரே வேனில் கொண்டுவந்தார். வழியில் அவளுக்குக் குளிரக் கூடாது என்று தன் கம்பளியைச் சுற்றி, அதன்மேல் தார்ப்பாயும் கட்டியிருந்தார். செத்ததற்கு ஏது குளிர் என்று அவரிடம் யார் சொல்வது? நம் வீட்டுப் பின்கட்டு அறையில் மூட்டையை இறக்கிவிட்டுக் குலுங்கி அழுதார்.

உனக்கு என் வேலை தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற விலங்கென்றால் முடி உதிர்ந்த இடத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடலாம். கைபடப் போகும் விலங்கில் அந்த வித்தை செல்லாது. வயிறு அழுகத் தொடங்கினால் தோலில் முடி நிற்காது, தடவுகிற பிள்ளையின் விரலோடு வந்துவிடும். நீர்நாயின் ரோமமோ தானே ஒரு கம்பளி. அதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே உறையும், உள்ளே வேகும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் அழுகிறவர் எதிரே அந்தப் போர்வையைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மூட்டையோடு குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அவர் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைத் தூக்கினேன்.

அப்போதுதான் நீ போன் செய்தாய். சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டாய். நான் விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாய். "சூடு ஆறாம சாப்பாட்டை மூடாதே, ஊசிப் போயிடும்னு கல்யாணமான நாள்லேருந்து என் உசிரை வாங்கினீங்க. இப்ப அவளை மூடிக் கட்டி வச்சுக்கிட்டு எங்கிட்ட கதை பேசுறீங்களா? போனை வைங்க முதல்ல!" என்றாய். உன் குரலுக்குப் போன் தேவையே இல்லை. காப்பாளர் அழுகையை நிறுத்திவிட்டு, "உங்களுக்கும் வீட்டுல ஒரு காப்பாளர் இருக்காங்க போலிருக்கே சார்" என்றார். சொல்லிவிட்டு அவரே கட்டை அவிழ்த்தார்.

விசில்காரியின் அடிவயிறு இஸ்திரி போட்ட சட்டைபோலச் சுட்டது. மல்லாத்தித் தரையில் கிடத்தி, மின்விசிறியைத் திருப்பி, ஐஸ் போட்ட புட்டிகளைத் துணியில் சுற்றி அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். ஈரமும் பகை என்பதால்தான் துணி. சூடு இறங்கியதும் கத்தியை எடுத்தேன். குடலில் முனை படாமல் வயிற்றைத் திறக்க வேண்டும். கை நடுங்கியது. காப்பாளர் கால்களைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார், அவளுக்கா எனக்கா தெரியவில்லை. நடுக்கம் நின்றது. கசிந்த இரத்தத்தை மரத்தூளால் ஒற்றி, தோலை உரித்து, அதில் ஒட்டிய கொழுப்பை எல்லாம் வழித்தேன், கொழுப்பு இருந்தால் உப்பு இறங்காதே. பிறகு காது மடல், உதடு, விரலிடுக்கு என்று முதலில் கெடுகிற இடங்களில் முதலில் உப்பைத் தேய்த்தேன். என் உப்பு தீர்ந்துபோய் உன் சமையலறைப் பொடியுப்பு முழுவதும் விசில்காரிக்கே போனது. அதிலிருந்து உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றாலும் டாக்டருக்கு மகிழ்ச்சி.

மறுநாள் வயிற்று முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு இழை கையோடு வந்தன. வெளிச்சத்தில் பார்த்தால் காப்பாளரின் கம்பளி இழை! விசில்காரியின் முடி ஒன்றுகூட அசையவில்லை. நேற்று அம்மையார் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தோலைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் பாதி உன்னுடையது. அனுப்ப வழி தெரியாமல் இந்தக் கடிதத்தில் வைக்கிறேன்.

இனி உன் கேள்வி. "உன் இஷ்டம்" என்று ஒரு தாளில் எழுதி, உறைக்குள்ளும் போட்டேன். எதைக் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அதுதானே. ஒட்டப் போகும்போது உன் அதட்டல் காதில் விழுந்தது. நானும் ஒன்றைச் சூட்டோடு மூடி வைக்கப் பார்க்கிறேன் என்று பட்டது. பிரித்துவிட்டேன்.

மகளுக்கு நீ வேண்டும், தெரியும். அவள் உடம்பு தேறட்டும், பேத்திக்குக் கழுத்து நிற்கட்டும். நின்றதும் வந்துவிடு. ஒரு வருடம் வேண்டாம். எனக்கு நீ இங்கே வேண்டும்.

பேத்தி நீண்ட ஆயுளோடு, உன்னைப்போல் உரத்த குரலோடு வளர என் ஆசிகள். அவளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை சீட்டியடித்துப் பார், திரும்பிப் பார்க்கிறாளா என்று எழுது.

வரும்போது உப்பு வாங்க வேண்டாம். அதை மட்டும் நான் வாங்கி வைக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் கணவன்