போணியாகாத முதல் குழி

என் உயிர் மச்சான்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. செத்துப் போனவனிடம் நலம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு நாகரிகம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், நம் இரண்டு பேருக்கும் அதுதான் பழக்கம். கோல்ஃபை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் விட மனசு வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இவன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். இவன் தங்கை செல்வியை நான் கட்டிக்கொண்டதால் மச்சான் ஆனான். எனக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கடை, இவனுக்குச் சரிகைக் கடை. பெங்களூர் பார்ட்டிகளோடு பழக வேண்டுமென்றால் அவர்கள் ஆடுகிற ஆட்டத்தை நாமும் ஆட வேண்டும் என்று, தலை நரைத்த வயதில் என்னை கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன்.

ஆடியில் போனாய். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் போன் வந்தபோது பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் நின்று, முந்தானையில் குறை சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு உன் கடையில் போணிகூட ஆகவில்லை, மச்சான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் மைதானத்துக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போன இடத்தில் வேறொரு பைத்தியம் காத்திருந்தது. குழிக்குப் பக்கத்தில் பந்து கிடக்கும். ஊதினாலே உருண்டு விழுந்துவிடும். மட்டையைப் பிடித்ததும் என் மணிக்கட்டு விறைத்துக்கொள்ளும். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். ஏதோ ஒரு வாரம் என்றால் பரவாயில்லை. போகிற வாரமெல்லாம் இதே கதை.

காசு கொடுத்து வாங்கக்கூடியதையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். மட்டையை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், ஒரு பயிற்சியாளரையும் பிடித்தேன். மூச்சை இழுத்து விடச் சொன்னார். “கையில ஒண்ணும் இல்ல சார். போன அடிய மறந்துட்டு இந்த அடிய மட்டும் பாருங்க” என்றார். மறப்பதற்கு மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை நம்மோடு மூன்றாவது ஆளாக ஆடும் எண்ணெய்க் கடை நாயுடுவோடு போனேன். முதல் குழியிலேயே தவறவிட்டேன். அப்புறம் ஒன்றும் உருப்படவில்லை. பாதி ஆட்டத்தில், மட்டைப் பை தூக்குகிற பையனிடம் பையைக் காரில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

“இன்னாய்யா, அதுக்குள்ள கெளம்பிட்ட?”

“போணி சரியில்ல நாயுடு. முதல் குழியே போச்சுன்னா நாளே போச்சு.”

“இது இன்னா கோல்ஃபா, உன் புடவைக் கடையா?” என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. “உன் மச்சான் இருந்தவரைக்கும் முதல் குழியில உன்னைத் தட்டவே வுட்டதில்லயே. ‘குடுத்தாச்சு, எடு’ன்னு பந்தைத் தூக்கி உன் கையில போட்டுடுவாரு. மத்த குழியில ஒரு அங்குலம் குடுத்திருப்பாரா மனுஷன்? என் காதுல சொல்லுவாரு, ‘அவனுக்குப் போணி பண்ணி வுட்டுட்டேன், இனிமே ஆடுவான் பாரு’ன்னு.”

நண்பர்களுக்குள் ஆடும்போது குழிக்கு அருகில் வந்த பந்தை விழுந்ததாகவே வைத்துக்கொள்வது உண்டுதான். உனக்கு அடுத்த குழிக்குப் போகிற அவசரம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

“வர்ற ஞாயித்துக்கெழமை ஜோடிப் போட்டி. யாரும் யாருக்கும் குடுக்க மாட்டான். நீ வர்றியா, நான் வேற ஆளைப் பாக்கட்டுமா? வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடு” என்று சொல்லிவிட்டு நாயுடு ஆடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அண்ணன் அங்க மட்டுமா பண்ணுச்சு? நீங்க கடை தெறந்த புதுசுல யாரையாவது அனுப்பிக்கினே இருக்குமே.”

“யாரை அனுப்பிச்சான்?”

“தெரிஞ்சவங்களத்தான். புடவை எடுக்கணும்னு யாராவது வந்து கேட்டா, ‘காலையில முதல் ஆளா அங்க போங்க’ன்னு சொல்லும். முதல்ல வந்தவங்க வாங்காம போயிட்டா உங்க மூஞ்சி சாயங்காலம் வரைக்கும் தொங்கிக்கினு இருக்கும். அதுக்குத் தெரியாதா?”

“நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அப்புறம் அது போணியா?”

யார் கையையும் பிடிக்காமல் எழுந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாரையெல்லாம் அனுப்பினாய், மச்சான்? மாம்பழ நிறப் புடவை எடுத்துப் போன செவிலிமேட்டு டீச்சரம்மாவும் உன் ஆள்தானா? என் கைராசியைப் புகழ்ந்தார்களே, அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததா?

செவ்வாய்க்கிழமை கடையில் முதல் பார்ட்டி ஒரு கல்யாண வீட்டார். அலமாரியையே இறக்க வைத்தார்கள். எதையும் எடுக்காமல், “சாயங்காலம் வர்றோம்” என்று போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கால் நீட்டி உட்கார்ந்து விரித்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தேன். நம் தொழிலில் அது கட்டாயம் இல்லையா? வாங்காமல் போனவர்களுக்கு விரித்தது கிடக்க, அதன் மேலேயே அடுத்தவர்களுக்கு விரிக்க முடியாது. மனசு கொதித்தாலும் கை மடித்துத்தான் ஆக வேண்டும். கடையில் இதைத் தினமும் செய்கிற நான், மைதானத்தில் முதல் குழியில் விரித்ததைக் கடைசி வரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு இழுத்திருக்கிறேன். அன்றைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் போணி இல்லை. ஆனாலும் ஷட்டரை இறக்கவில்லை.

நேற்றுத் தனியாக மைதானத்துக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், பொய் சொல்ல வரவில்லை. முதல் குழியில் தவறினேன். நின்று மட்டையைத் துடைத்தேன், நடந்தேன். அடுத்ததிலும் தவறினேன். மணிக்கட்டு இன்னும் விறைக்கத்தான் செய்கிறது. நடுவில் ஒரு பந்து, நல்ல தூரத்திலிருந்து, வளைந்து போய்க் குழியில் விழுந்தது. “பாத்தியா!” என்று திரும்பினேன். புல்தான் இருந்தது.

அப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. கடைசிக் குழி வரைக்கும் ஆடிவிட்டுத்தான் வந்தேன். அடிகளின் எண்ணிக்கை கேவலம், அதை எழுத மாட்டேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வருகிறேன் என்று நாயுடுவிடம் சொல்லிவிட்டேன். அவர் அதிகம் சந்தோஷப்படவில்லை. தோற்கப் போகிறோம் என்பது அவருக்கும் தெரியும்.

மச்சான், ஜெயிப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். என்னிடம் இல்லாத சரக்கை நான் விற்பதில்லை. பந்து குழிக்குள் விழுகிற வரைக்கும் தட்டுவேன், பாதியில் கிளம்ப மாட்டேன், இவ்வளவுதான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் செல்வி வாசலுக்கு வந்துவிடுவாள். ஜெயித்தீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “அண்ணனைப் பத்தி யாராவது பேசினாங்களா?” என்றுதான் கேட்பாள். உன்னைத் தெரிந்தவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். நான் போகாவிட்டால் அவளுக்கு யார் வந்து சொல்வார்கள்? அதனால் போவேன். வாரா வாரம் போவேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
அதற்கு முன்னாலிருந்தே உன் பெஞ்சுக்காரன்.