ரோசக்காவுக்கு வந்த வாக்குத்தத்தம்

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பரலோகத்தில் இருப்பதாக உங்கள் கல்லறைக் கல் சொல்கிறது. வேறு முகவரி கைவசம் இல்லாததால் அதை நம்பியே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் தேயிலை பாக்டரி இன்னும் மூடித்தான் கிடக்கிறது. முப்பது வருஷம் நீங்கள் டீமேக்கராக நின்று தூளை மோந்து பார்த்த இடத்துக்கு வெளியே காட்டெருமைகள் மேய்கின்றன. இலை விலையைப் பற்றிக் கவலைப்படாமல் இங்கே நடமாடுவது அவை மட்டும்தான். சோலூர்ப் பக்கம் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடுகிறார்கள். தேயிலை விலை விழுந்து இத்தனை வருஷமாகியும் டீக்கடையில் டீ விலை ஒரு நாளும் இறங்கியதில்லை. அந்த அற்புதத்தை எந்தப் பிரசங்கியாரும் இதுவரை விளக்கவில்லை.

நீங்கள் காப்பாற்றிய ஆலயத்தில் இப்போது பதினோரு பேர் இருக்கிறார்கள்.

போன வாரம் கிறிஸ்துமஸ் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். குன்னூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் போதகர் வீடு தேடி வந்தார். "உபதேசியார் வச்சிருந்த பொட்டிய எடுத்துக் குடுங்கம்மா, வருசப் பொறப்புக்கு வேணும். எத்தனையோ சபை பாத்துட்டேனுங்க, அவரு பொட்டியில வர்ற மாதிரி வாக்குத்தத்தம் எங்கயும் வராது. ஆளுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

நமக்குத் தெரிந்த வழக்கம்தான். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் சபையார் ஒவ்வொருவராக முன்னால் வந்து பெட்டியிலிருந்து ஒரு வசனச் சீட்டை எடுப்பார்கள். கைக்கு வருவது, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்கென்றே கொடுத்த வாக்கு. அதை நம்பிப் பெண் கொடுத்தவர்கள் உண்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. சீட்டுகளை எழுதுவதும், பெட்டியைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன் நிற்பதும் உபதேசியாரான உங்கள் ஊழியம்.

இலை விலை விழுந்த முதல் வருஷம் நினைவிருக்கிறதா? தோட்டத் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்தால் ஆலயத்தைப் பூட்டிவிட்டுக் குன்னூர் சபையோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பாட்டெடுக்க ஒருவராவது இல்லாமல் ஆராதனை நடக்காது; மிச்சமிருந்தவர்களில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று கொழுந்து பறிக்கும் ரோசக்கா. அவள் புருஷன் செல்வராஜுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது; இருவருக்குமாக ஓர் அறையும் அவர் பார்த்து வைத்திருந்தார்.

அந்த வருஷப் பிறப்பில் எனக்கு வந்தது, தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட வசனம். எனக்கு அடுத்து எடுத்த ரோசக்காவுக்கு வந்தது, பஞ்சத்துக்குப் பயந்து எகிப்துக்குப் போகாமல் இங்கேயே இருக்கும்படி ஈசாக்குக்குச் சொல்லப்பட்டது.

நானும் செல்வராஜும் ஒரே பஸ்ஸில்தான் மலை இறங்கினோம். அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "உனக்குப் போகச் சொல்லி வந்துருக்கு, அவளுக்கு இருக்கச் சொல்லி வந்துருக்கு. ஏம்புள்ள, உங்க சாமிக்கு மூணாவது டிக்கெட் எடுக்க மனசு வரலையாக்கும்?" என்றார். பிறகு அவரே, "ரெண்டும் மாறி வந்துருச்சோ என்னமோ!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பர்லியாறு வரை சிரித்துக்கொண்டே போனோம்.

அவர் மூன்று தடவை அவளை அழைக்க வந்தார். மூன்று தடவையும் ரோசக்கா கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். நான்காவது தடவை அவர் வரவில்லை. அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்ற செய்திதான் வந்தது. நான் கோயம்புத்தூரில் படித்து, ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் என்னைச் சபை முன் சாட்சியாக நிறுத்தினீர்கள். வசனத்துக்குக் கீழ்ப்படிந்தவளை ஆண்டவர் எப்படி உயர்த்தினார் பாருங்கள் என்றீர்கள். ரோசக்காவும் கீழ்ப்படிந்தவள்தானே, அப்பா? அவளை ஏன் ஒருமுறையும் நிறுத்தவில்லை?

போதகர் கேட்ட பெட்டியை எடுத்தபோது அதன் அடியில் ஒரு நோட்டு இருந்தது. வருஷத்துக்கு ஒரு பக்கம். சபையார் உட்காரும் வரிசையில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வசனம். நம் சபையில் இடம் மாறி உட்கார்ந்தவர் ஒருவருமில்லை. வரிசைப்படி வந்து, கட்டின் மேலிருக்கும் சீட்டைப் பயபக்தியோடு எடுத்துப் போவார்கள். யாராவது வராவிட்டால் அவருடைய சீட்டைக் கட்டைவிரலால் அடியில் தள்ளிவிடுவீர்கள் போலிருக்கிறது. தூளைத் தரம் பிரித்துப் பழகிய கை அல்லவா? கிருபையையும் சலித்து, இன்னாருக்கு இன்ன ரகம் என்று பிரித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் நல்ல மனசோடுதான். குடிப்பவனுக்குக் குடியைக் கண்டிக்கும் வசனம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல். அதோடு நின்றிருந்தால் உங்களைப் பரிசுத்தவான் என்று நானே எழுதியிருப்பேன்.

அந்த வருஷத்துப் பக்கத்தில் மட்டும் ஓர் அடித்தல் இருக்கிறது. முதலில் எனக்கும் ரோசக்காவுக்கும் நீங்கள் எழுதியது இது: எஸ்தர், தங்கியிரு. ரோசம்மா, புறப்படு. பிறகு இரண்டையும் அடித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேல் வைத்து நேராக அடித்திருக்கிறீர்கள். கை நடுங்கியதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை.

பெரிய வெள்ளிதோறும் நீங்கள் பிரசங்கித்தது ஒன்றுதான். நமக்குப் பதிலாக ஒருவர் நின்றார், அதனால் நாம் மீட்கப்பட்டோம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடையும். ஒரு சிறிய வித்தியாசம், அப்பா. அவர் தன்னைக் கொடுத்தார். நீங்கள் ரோசக்காவைக் கொடுத்தீர்கள். இது தெரியாமல் நான் இத்தனை வருஷம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே. பாட்டில் உருகுகிறீர்கள் என்று நினைத்தோம். சொல்ல வாயெடுத்தீர்களா? அல்லது ஆண்டவரிடம் அறிக்கை செய்தாயிற்று, மேலே தீர்ந்துவிட்டது, இவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டீர்களா? உங்கள் அடக்கத்திலும் அவள்தான் பாட்டெடுத்தாள்.

நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ரோசக்கா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள. என்ன, மொகம் வேப்பெண்ணெ குடிச்சாப்புல இருக்குது?"

பக்கத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். குடம் நிறைந்து வழிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் தண்ணீர். குழாயை இருவருமே மூடவில்லை.

"அப்ப சாமி எனக்கு ஒண்ணுமே சொல்லலீங்களா?" என்றாள். என்னிடம் அவள் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ எதுக்குக் கேக்கற? நீ கேட்டு, நான் சரின்னு சொல்லி, நீ பாரத்த எறக்கி வெச்சுட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவ. அப்பறம்? என்ற ஊட்டுக்காரன் திருப்பூர்ல இருந்து வந்துருவானா?"

"அப்பாவ மன்னிக்கவே மாட்டீங்களாக்கா?"

"மேல போயி நேர்ல பேசிக்கறேன். அதுவரைக்கும் நிக்கட்டும். சாமி மன்னிச்சிருந்தா அது அவிய ரெண்டு பேரு சமாச்சாரம். எனக்குச் செஞ்சதுக்கு நானில்ல சொல்லோணும்?"

உள்ளே போய்க் கதவிலிருந்து சீட்டை உரித்தாள். அது இருந்த இடம் மட்டும் அடுப்புப் புகை படியாமல் நீலமாக இருந்தது. சீட்டை உங்கள் நோட்டுக்குள் வைத்து மூடி என்னிடம் நீட்டினாள்.

"வருசப் பொறப்புக்கு நீதான் பொட்டியப் புடிக்கோணும். நல்லதாப் பொறுக்கி எழுதாத. திட்டறது, சபிக்கறது, எல்லாஞ் சேத்து எழுது. எல்லாரு முன்னாடியும் கலைச்சுப் போடு. மொதச் சீட்டு நான் எடுப்பேன்."

"கெட்டது வந்துட்டா, அக்கா?"

"வரட்டும் புள்ள. எனக்குன்னு வந்ததா இருக்குமல்ல."

இன்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா. நீங்கள் பெட்டிக்குள் விடாமல் வைத்திருந்த வசனங்கள்தான் எத்தனை! வேதத்தில் பாதி நம் சபைக்கு வந்து சேரவே இல்லை.

வருஷப் பிறப்பன்று முதலில் உங்கள் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைப் படிப்பேன். என் பெயரை விட்டுவிட மாட்டேன். பிறகு எல்லோரும் பார்க்கச் சீட்டுகளைக் கலைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை நீட்டுவேன். ரோசக்கா பெட்டிக்குள் கையை விடும்போது, நல்லது வரட்டும் என்று ஜெபிக்கக்கூட மாட்டேன். அது உங்கள் ஊழியத்தைத் தொடர்வதாகிவிடும். இந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் மேலே உண்மையாகவே ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவளுக்காக.

அவர் இருந்து, பக்கத்தில் நீங்களும் இருந்தால், அன்று காலை கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

இம்முறை உங்களுக்குப் பதிலாக நிற்கப்போகும்
உங்கள் ஒரே மகள்,
எஸ்தர்