வாழி பாடாமல் முடிந்த கூத்து

27.07.2009, திங்கள்

இறால் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. என் புருசன் அதையே சாப்பிட்டுக் கை கழுவினார். முன்னென்றால் "என்ன புள்ள, ஆத்துத் தண்ணியையே ஊத்திட்டாயா?" என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்திருப்பார். ஏசினால்கூடப் பரவாயில்லை. ஜூன் மாதம் ரீவிக்காரரின் கமராவுக்கு முன்னால் நான் ராணியாக ஆடிய நாளிலிருந்து, இந்த வீட்டில் "சோறு", "தேத்தண்ணி", "கதவைச் சாத்து". கதை அவ்வளவுதான்.

நான் என்ன களவா எடுத்தேன்?

30.07.2009

எழுதினால் மனம் ஆறும் என்று எழுதுகிறேன்.

பவளவல்லி கூத்தில் ராணி என்றால் ஆரையம்பதியில் கோணாமலைதான். அதாவது என் புருசன். பதினாறு வருசம். அதற்காக மீசையே வைத்ததில்லை. ராஜா, கனகசூரியம் அண்ணன். இரண்டு பேரும் கூத்துக் களரியில் இறங்கினால் சனம் சோறு தண்ணி மறந்துவிடும். சுனாமி கனகசூரியம் அண்ணனையும், அவர் வீட்டிலிருந்த கூத்து உடுப்புப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அன்றோடு இவர் பாடுவதை நிறுத்தினார். மீசை வளர்த்தார்.

சண்டை முடிந்த அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ரீவிக்காரர் வந்து முதலில் கேட்டது இவரைத்தான். "கனகன் இல்லாம நான் ஆடமாட்டன்" என்றார். அப்படியென்றால் ராணிக்குப் பெண்ணொருத்தியே போடுவோம் என்றார்கள் அவர்கள். எங்கள் மகள் கஜானிக்கு வாய் சும்மா கிடக்குமா? "எங்கட அம்மாக்கு முழுப் பாட்டும் தெரியும்."

தெரியாமல்? இவர் வீட்டில் பாடிப் பழகும்போதெல்லாம் பாட்டுக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு ராஜாவின் அடியைப் பாடிக்கொடுத்தது நான்தானே!

இவரைக் கேட்டேன். "உன்ட விருப்பம்" என்றார். நானும் போய் ஆடிவிட்டேன். "உன்ட விருப்பம்" என்றால் விருப்பமில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியும் எனக்கு அது உறைக்கவில்லை.

09.08.2009, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்குக் கூத்தை ரீவியில் போடுகிறார்களாம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் முற்றத்தில்தான் ரீவி வைக்க வேண்டுமாம். ராணி வீடாம்!

"நீங்களும் பாருங்களன்" என்றேன்.

"எனக்கு வலை பொத்தக் கிடக்கு."

கிழிந்த வலையெல்லாம் போன கிழமையே பொத்தி முடித்தவர்.

15.08.2009

நித்திரை வரவில்லை. ஊர் என்ன சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

16.08.2009, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானமே சனம் வரத் தொடங்கிவிட்டது. பாயும் தலையணையும் போர்வையுமாக! கூத்தென்றால் விடியும்வரை என்றே பழகிய சனம். அவரின் அக்கா இலட்சுமிப்பிள்ளை மச்சாள் பகல் நித்திரையும் கொண்டு, பெரிய சுடுதண்ணிப் போத்தலில் கோப்பியோடு வந்து முன்வரிசையில் இருந்தா. கச்சான் கடலைக்காரியும் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டாள். நான் ரீவிக்குச் சாம்பிராணி காட்டினேன். வேறு என்ன செய்ய, கூத்துத் தொடங்குகிறதே.

அவர் வலையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

தொடங்கியது. நான் வந்தேன். எனக்கே என்னைத் தெரியவில்லை, அவ்வளவு பவுடர். மச்சாள் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "இஞ்ச பார் வசந்தா, கோணாமலைட நடை உனக்கு வரல்ல கா. அவன்தான் பொம்புள மாதிரி நடப்பான்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுட்டது.

நடுவில் பால்மா விளம்பரம், சவர்க்கார விளம்பரம். சரியாக நாலரைக்கு, ராணி காட்டிலிருந்து திரும்பி ராஜாவைக் கண்ட கையோடு முடிவு எழுத்து ஓடியது. மறுகா செய்தி தொடங்கிவிட்டது.

ஒருவரும் எழும்பவில்லை.

"முடிஞ்சி மாமி" என்றாள் கஜானி.

"என்ன முடிஞ்ச? வாழி பாடல்லியே" என்றா மச்சாள்.

படம் பிடித்த அன்று வாழி பாடித்தான் முடித்தோம். நேரம் காணாது என்று வெட்டிவிட்டார்கள் போல. ஊர் வாழ, மழை பொழிய, வயல்வட்டை விளைய என்று ஆடினவர்கள் எல்லோரும் கூடி நின்று பாடாமல் கூத்து முடியாது. பார்க்க வந்தவர்களும் எழும்பமாட்டார்கள். எழும்பினால் ஆடின வீட்டுக்கு ஆகாது. இன்றைக்கு அந்த வீடு எங்கள் வீடு.

ரீவியில் வானிலை சொல்கிறார்கள். சனம் பாயில் அப்படியே இருக்கிறது. கச்சான்காரிகூட எழும்பவில்லை.

"நீ பாடன் கா" என்றா மச்சாள். "நீதானே ஆடின."

வாழியில் முதலடி ராஜாவுக்கு, இரண்டாம் அடி ராணிக்கு. ரீவியில் ராஜாவாக ஆடினவர் வெளியூர்; ராஜாவுக்கு நான் எங்கே போவேன்? எழும்பி நின்று, ரீவியை நிற்பாட்டி, ராஜாவின் அடியை நானே எடுத்தேன். அத்தனை வருசம் கொப்பியோடு பாடியது, தானாக வந்தது. அடி முடிந்தது. இனி ராணியின் அடி. அதையும் எடுக்க மூச்சை இழுத்தேன்.

குசினிப் பக்கமிருந்து இரண்டாம் அடி வந்தது.

அவருடைய குரல். ராணிக் குரல். நாலரை வருசமாகக் கேட்காத குரல்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன், பாட்டுக் குழம்பிவிடும். மூன்றாம் அடியை எடுத்தேன். நாலாவதை அவர் எடுத்தார். முடிந்ததும் சனம் கும்பிட்டு, பாயைச் சுருட்டியது. மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோப்பிதான் வீணாப்போச்சு" என்றா.

17.08.2009

போன் ஓயவில்லை. கரடியனாற்றிலிருந்து யாரோ ஒருவர்: "ராணியா கதைக்கிறீங்க?" ஓம் என்றேன், வெட்கமாக இருந்தது. சித்தாண்டியில் ஒரு வீட்டில் வாழியில்லாமல் எழும்பமாட்டோம் என்று இருந்து, பிறகு அவர்களே பாடினார்களாம். காத்தான்குடிப் புடவைக்கடை ஹலீம் நானா எடுத்தார்: "தங்கச்சி, நல்லாரிந்திச்சி. உம்மா அழுதிட்டா. ராணி காட்டுக்குப் போகக்குள்ள பின்னால ஒரு மோட்டார்சைக்கிள் போகுதே, அது ஆர்ர?"

இவர் காலையிலேயே தோணியில் போய்விட்டார்.

18.08.2009

இரவுச் சாப்பாட்டில், தலையை நிமிர்த்தாமல்:

"காட்டுக்குப் போற இடத்தில இடக்கால் முதல் வைச்சிட்டாய். வலக்கால்தான் முதல்."

பார்த்திருக்கிறார்! குசினி ஜன்னலால் முழுக்கப் பார்த்திருக்கிறார்!

"வலை பொத்தின நீங்கதானே" என்றேன்.

"பொத்தினதான். ஒள்ளுப்பம் பார்த்த." கொஞ்சமாம்! பிறகு, "குழம்பில உப்புக் காணா" என்றார்.

எனக்குக் கிணற்றடியில் போய் நின்று ஒரு கத்துக் கத்த வேண்டும் போலச் சந்தோசம்.

30.08.2009

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வந்தார். தைப்பொங்கல் கழியக் களரி கட்டி, விடியும்வரை ஆட்டம். ரீவியில் பார்த்த சனம் விடுகிறதில்லையாம். நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"ராணிக்கு ஆர்?"

"நான்" என்றார் இவர்.

"ராஜாக்கு?"

இவர் ஒருக்கால் செருமினார். பிறகு, "அந்தா, உள்ளுக்கு ரொட்டி சுடுறா."

ரொட்டி கருகிவிட்டது.

06.09.2009, ஞாயிறு

இன்றைக்குச் சட்டம் கொடுக்கிறார்கள். அவரவர் பாட்டை வாங்கப் போக வேண்டும். காலையில் கண்ணாடியடியில் அவர் மீசையை வழித்துக்கொண்டிருந்தார். மேலுதடு மட்டும் வெள்ளையாக, பச்சைப்பிள்ளை முகம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, கஜானியின் கண்மையால் எனக்கொரு மீசை கீறிப் பார்த்தேன்.

அவர் சவரக்கத்தியைக் கழுவி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னும் ஒள்ளுப்பம் தடிப்பாக் கீறு" என்றார். "கனகன்ட மீசை அப்பிடித்தான்."