பனம்பழச் சாக்கும் ஒரு நேர்த்தியும்

சேசு மரி சூசை துணை

குருநகர்,
1936 ஒக்டோபர் 4, ஞாயிறு

அன்பு மகன் லியோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே மூன்று பேரும் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிரம்பானில் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன மாதம் அனுப்பிய படம் கிடைத்தது, கோட்டும் சப்பாத்தும் நல்லாய்த்தான் இருக்கின்றன, கன்னம்தான் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, அந்த றப்பர்த் தோட்டத்துக் குசினிக்காரன் உனக்கு என்னதான் ஆக்கிப் போடுகிறானோ தெரியாது. காய்ச்சலுக்குத் தருகிற கொயினா மருந்தைக் கசக்கிறது என்று துப்பிவிடாதே. இங்கே வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. உன் ஐயாவின் முழங்கால் நோவு இருந்தபடியே இருக்கிறது, எண்ணெய் பூசச் சொன்னால் மணக்கிறதாம், நாள் முழுக்க மீனோடு கிடக்கிற மனுசனுக்கு எண்ணெய் மணக்கிறதாம். இதெல்லாம் எழுதத்தான் கடுதாசி எடுத்தேன் என்று நினைத்துவிடாதே மகன், எழுத வந்தது வேறு, ஒரு மாதமாய் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உன் மாமன் செபநாயகம் றெயில் ஸ்ரேசனடியில் வாடகைக் கார் ஓடுகிறான் அல்லவா, தை மாதத்தில் ஒரு வெள்ளைக்கார துரையையும் துரைசானியையும் முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குக் காட்டு மிருகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்வந்தான். அன்று தொடங்கினது அவனுடைய யானைப் புராணம். வீட்டுக்கு வந்தால் யானை, கோப்பி குடித்தால் யானை, பூசை முடிந்து வாசலில் நின்றால் யானை. உன் தங்கச்சி றோஸ் அதைக் கேட்டுக் கேட்டுப் பித்துப் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பத்தொன்பது வயதாகிறது, ஆனையிறவுக்கு அங்காலே ஒரு நிலமும் கண்டதில்லை, எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ மாமா என்று காலைச் சுற்றினாள். உன் ஐயா, சுறாவைப் பார்த்த கண்ணுக்கு நாலுகால் மிருகம் எதற்கு என்று முதலில் முறைத்தார், பிறகு முருங்கனில் வயல் செய்கிற தன் ஒன்றுவிட்ட தம்பி அடைக்கலநாதனைப் பார்த்து வரலாம் என்று தானே ஒரு சாட்டுக் கண்டுபிடித்தார். செப்ரெம்பர் முதற் கிழமை, விடிய முன்னம் வெளிக்கிட்டோம்.

அந்தப் பயணத்தைப் பொய் சொல்லாமல் எழுதவேண்டும் மகன், அவ்வளவு வடிவாய் இருந்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவிலே நாங்கள், வெய்யில் ஏற ஏற உப்பளம் மினுங்கியது, பூநாரைகள் கூட்டமாய் நின்றன. முறிகண்டியில் எல்லா வாகனமும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும், உன் மாமனும் நிறுத்தி உடைத்தான். ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், காரில் ஏறும்போது மட்டும் கார் ரயருக்காக இன்னுமொன்று உடைக்கட்டும் என்று மெல்லச் சொன்னார். அங்காலே காடு தொடங்கியது. மயில், மந்தி, ஒரு முறை தெருவைக் கடந்த மான் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் றோஸ் முன்சீற்றில் எழும்பி எழும்பி இருந்தாள். இந்த றோட்டு எங்கே போகிறது என்று கேட்டாள், கண்டிக்குப் போகலாம், கொழும்புக்குப் போகலாம் என்றான் செபநாயகம். "முடியிற மட்டும் ஓடுங்கோ மாமா" என்றாள். அவளுடைய முகத்தை அப்படி நான் முன்பு கண்டதில்லை. மடு மாதா கோயிலில் இறங்கி மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு முருங்கன் றோட்டைப் பிடித்தோம்.

இனி என் புத்தியைக் கேள். வன்னியில் இருக்கிறவனுக்கு வெறுங்கையோடு போவதா என்று ஒரு சாக்கு நிறையப் பனம்பழம் பொறுக்கிக் காரின் பின்பக்கத்தில் கட்டுவித்தவள் நான். பழுத்து வெடித்த பழம், வழி நெடுக எங்களுக்கே மணத்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு யானைக்கு மூக்கு எவ்வளவு நீளம் என்று யோசனை வருமா? பின்னேரம் நாலு மணியளவில் குளத்தடி மண்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது முன்னாலே தனியன் யானை ஒன்று பாதையை மறித்து நின்றது. மாமன் மெதுவாய்ப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தான், பின்னாலே குட்டிகளோடு ஒரு கூட்டம் குளத்தாலே ஏறி வந்து நிற்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் முட்பற்றை. இறங்கக்கூடாது, ஹோண் அடிக்கக்கூடாது, கதைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தினான். மேலே கன்வஸ் சீலை மட்டும்தான் கூரை. கொண்டல் காற்றிலும் சோழகக் காற்றிலும் தோணி விட்ட உன் ஐயா என் கையைப் பிடித்தார், கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்தில் ஆட்கள் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

ஒரு மணித்தியாலம் அப்படி இருந்தோம். வேர்த்து ஊற்றியது, கால் விறைத்தது, இருமக்கூடப் பயம். பிறகு அந்தத் தனியன் ஒவ்வோர் அடியாய் வந்து காரின் மூக்கில் தும்பிக்கையை வைத்துத் தடவியது, றோஸின் பக்கத்துக் கதவு வரைக்கும் அந்தத் தும்பிக்கை வந்தது. எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது மகன். கதைக்கக்கூடாது என்று சொன்னதை மறந்து வாய்விட்டுக் குளறினேன். "மடு மாதாவே, எங்களைக் காப்பாத்து, என்ரை றோஸை உனக்குக் கன்னியாஸ்திரியாத் தாறன்." அந்த யானை காதை அசைத்தது, திரும்பியது, காரைச் சுற்றிப் பின்னாலே போனது. சாக்கைப் பிடுங்கி விழுத்திப் பனம்பழங்களை ஒவ்வொன்றாய்த் தின்னத் தொடங்கியது, அந்தக் கூட்டமும் அங்கே கூடியது, மாமன் முன்னாலே வெளித்த பாதையில் காரை விரட்டி ஓட்டினான். எங்களைக் காப்பாற்றியது பனம்பழம் அக்கா, மாதா இல்லை என்று செபநாயகம் அன்றைக்கே சொன்னான். அந்த யானைக்குப் பனம்பழத்தைக் காட்டிக் கொடுத்தது யார் என்று உன் ஐயா கேட்டார். எனக்கு எது சரி என்று இன்றைக்கும் தெரியாது.

ஐயா சும்மா இருந்திருக்கலாம். திரும்பி வரும்போது மடுவில் இறங்கி நான் மாதாவுக்கு வாக்குக் கொடுத்த நேர்த்தியை மேற்றிராணியாருக்குச் சொல்வதுபோல எல்லாருக்கும் சொன்னார், வந்து இறங்கினதும் கரையில் சொன்னார். மற்ற நாள் விடியக் குருநகரில் தெரியாத ஆள் இல்லை. மீன் விற்கிற பெண்டுகள் வீட்டுக்கு வந்து றோஸின் கையைப் பிடித்து உதட்டில் ஒற்றி முத்தி செய்கிறார்கள். புதுவலை கொண்டுவந்து நீ ஒருக்கால் தொட்டுவிடு பிள்ளை என்கிறார்கள். மாதாவின் பிள்ளை கரைக்கு வரக்கூடாது, உரத்துச் சிரிக்கக்கூடாது, செபநாயகத்தின் காரில் ஏறக்கூடாது, நிறச்சீலை உடுக்கக்கூடாது என்று ஆளுக்கொரு கட்டளை. ஒருத்தரும் அவளை ஏசவில்லை மகன், எல்லாரும் அன்பாய்த்தான் பூட்டிவைத்திருக்கிறார்கள். முன் கதவால் போனால் ஆட்கள், பின் வேலியால் பார்த்தாலும் ஆட்கள். போன கிழமை சோறு போடும்போது என்னைப் பாராமல் சொன்னாள், "ஆனை ஒரு மணித்தியாலத்திலை விலகிப் போட்டுதம்மா. உவையள் எப்ப போவினம்?"

நான் போய்ச் சுவாமியாரின் காலில் விழுந்தேன். நல்ல மனுசன், பொறுமையாய்க் கேட்டார். ஒருவர் தன்னைத்தான் கடவுளுக்கு நேரலாம், மற்றவரின் சீவியத்தை நேர ஒருவருக்கும் உரிமை இல்லை, தாயானாலும் இல்லை, அந்த நேர்த்தி யாரையும் கட்டாது, வேண்டுமென்றால் நீ மடுவுக்குக் கால்நடையாய்ப் போய் வா என்றார். கன்னியர் மடத்துத் தாயாரும் பெண்ணின் வாயால் சம்மதம் கேளாமல் எடுக்கமாட்டாராம், டிசம்பர் எட்டாந் திகதி மாதா திருநாளுக்கு வந்து அவளைத் தனியே வைத்துக் கேட்பாராம். எனக்குப் போன உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் ஐயா வலையைக் கீழே போட்டுவிட்டு, "நேர்த்தியை மறிச்சு வைச்சிட்டுக் கடலிலை கால் வைக்க என்னாலை ஏலாது" என்றார். அவர் மட்டுமல்ல, தோணியில் கூட வருகிற இரண்டு பேரும் நேர்த்தி தீரும்வரைக்கும்தான் பொறுப்போமாம், இல்லையென்றால் வேறு தோணி பார்ப்பார்களாம். இதையெல்லாம் உள்ளே இருந்து றோஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னிடம் சொல்லிவிட்டாள், தாயார் வந்து கேட்டால் ஓம் என்றுதான் சொல்லப்போகிறாளாம். நான் அந்த மடத்தில்தான் எழுத்துப் படித்தேன், அங்கே நல்ல சீவியம் என்று எனக்குத் தெரியும், ஆசைப்பட்டுப் போகிற பிள்ளைக்கு அது மோட்சம். இவள் ஆசைப்பட்டது ஒரு றோட்டுக்கு. தகப்பனுடைய தோணிக்காக ஓம் சொல்லப்போகிறாள்.

இன்னுமொன்று இருக்கிறது, அதை எழுதக் கை கூசுகிறது. நேற்று என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் கோபமில்லாமல் கேட்டாள், "எங்கள் ரண்டு பிள்ளையளிலை என்ரை பேர் ஏனம்மா உங்கடை வாயிலை வந்தது? நான் பக்கத்திலை இருந்ததாலையோ?" ஓம் பிள்ளை, பக்கத்தில் இருந்ததால்தான் என்று சொன்னேன். அது பொய் லியோன். அவ்வளவு பயத்திலும் உன்னைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உயிர் போகிற நேரத்திலும் எந்தப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

ஆனபடியால் இந்தக் கடிதம் கண்டவுடன் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால், நேர்ந்தது நீதானே என்று என் வாயை அடைத்துவிடுவார், என்னால் அதற்குமேல் கதைக்க முடியாது. நீ எழுதினால் நாலு தரம் வாசிப்பித்துக் கேட்பார். நீண்ட புத்திமதி வேண்டாம், ஒன்று மட்டும் கேள். அம்மா அன்றைக்கு என்னுடைய பேரைச் சொல்லியிருந்தால், என்னைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்களா என்று கேள். உனக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது சுவாமியாராகக் குருமடத்துக்குப் போகப்போகிறேன் என்று நீ மூன்று நாள் அழுததும், ஐயா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கிறது ஒரு ஆண்பிள்ளை, மாதா விளங்கிக்கொள்ளுவா என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு விளங்கிக்கொண்ட மாதா இன்றைக்கு மாட்டாவோ என்று கேள். டிசம்பர் எட்டுக்கு முந்தி வந்து சேரவேண்டும், கப்பல் தபால் சுணங்கும், ஒரு நாளும் தாமதிக்காதே. றோஸுக்கும் அவளுடைய பேருக்குத் தனியாய் நாலு வரி எழுது, நீ போன இந்த ஆறு வருசத்தில் ஒருதரம்கூட எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கப்போகிறது, நான் அதற்கு முன் மடுவுக்கு நடக்க வெளிக்கிடுகிறேன், செபநாயகம் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. இதை வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளைப் பெற்ற உன் அம்மா,
லூர்த்தம்மா சிமியோன்