நீ இழுத்துப் பார்த்த வரைக்கும்

சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பயிற்சி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. டப்பாவை மூடும்போது விரலில் ஒயர் சுற்றும் அந்தக் கறுப்பு டேப் வாசனை வந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத, ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாசனை. "இந்தக் கையால துன்னா குடலுக்கும் டேப் சுத்திக்கும்டி" என்று சொல்லிக்கொண்டே என் டப்பாவில் கை விடுவாயே, அந்த ஞாபகம். உடனே உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது. பேச வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு ஒரு பெண்ணை வரச் சொல்லியிருக்கிறேன். பெயர் தேவி, சேரப்பணஞ்சேரிக்காரி. இப்போது நான் ஒரகடத்தில் புதிதாக வந்திருக்கும் ஆலையில் இருக்கிறேன். வேலைக்குச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான்தான். சிரிக்காதே. தேவியின் பயிற்சி இன்றோடு முடிகிறது. அவள் வேலையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அதிகாரி வந்து, இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ளலாமா அனுப்பிவிடலாமா என்று கேட்பார். நான் சொல்வதுதான் நடக்கும். அவள் அம்மாவோ, வேலை கிடைத்த மாதிரிதான் என்று தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்துவிட்டாளாம்.

எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கிறது. நேராகச் சொன்னால் பெண் உடைந்துபோவாளோ என்று பயம். பூசி மெழுகினால் அவளுக்குப் புரியாமலே போய், நாளைக்கு அதே குறைக்காக வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். ஒரு வாரமாக மனதுக்குள் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் உன் குரல் வருகிறது, இன்னொரு தடவை என் குரல் வருகிறது. இரண்டும் சரியாகப் படவில்லை.

உன் குரல் என்று சொன்னதும் அந்தக் காலைதான் கண் முன்னால் நிற்கிறது. நாம் இருவரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் இருந்த காலம். காருக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. ஒவ்வொரு ஒயரின் நுனியையும் வெள்ளை பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ள வேண்டும், 'டிக்' என்று சத்தம் வரும், உடனே இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வந்துவிட்டால் உட்காரவில்லை. இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று தோன்றும். ஆனால் எனக்கு அது மாதக்கணக்கில் பிடிபடவில்லை. நான் தள்ளிய ஒயர்கள் கடைசி மேஜையில் உன் கைக்கு வந்ததும் கழன்று வந்தன. நீ அந்த வரிசையின் சோதனைக்காரி.

ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிஷக் கூட்டம் நடக்கும். நேற்று கழித்துப் போட்ட சாமான்களைச் சிவப்புக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார்கள். யாருடைய கைத்தப்போ அவள் போய் அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். என்ன தப்பு என்று சோதனைக்காரி எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று, ஊரில் மாரியம்மன் கோயில் சூலத்தைப் பார்த்தாலும் நான் தள்ளி நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைக்கும் நான்தான் நின்றேன். நீ ஒயரைத் தூக்கிக் காட்டினாய். "கழண்டு வருது" என்றாய். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சார், இவளுக்கு இந்த வேல வராது. இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறீங்க? ஊருக்கு அனுப்பி வுடுங்க" என்றாய். யாரோ சிரித்தார்கள். வரிசையை மேய்க்கும் லீடர் எதையோ எழுதிக்கொண்டார். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உன் வீட்டுக்குப் பின்னால், பிள்ளைப்பாக்கத்தில், உங்கள் அப்பா வாடகைக்கு விட்டிருந்த அறையில்தான் நான் இருந்தேன். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பஸ்ஸில் போய் வந்து, ஒரே முழம் பூவைப் பாதியாய் வெட்டி வைத்துக்கொண்டவர்கள் நாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீ சொன்னதால் நம்பிவிட்டேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது வரிசைக்கே தெரியுமே.

அன்றைக்கு ஷிப்ட் விட்டதும் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஊருக்குப் போய்விடுவதாக நினைப்பு. போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை வேலை என்று நான் தள்ளிப்போட்ட கல்யாணம் மறுமாதமே நடந்துவிடும். மாமா மகன் கெட்டவன் இல்லை, குடிக்காத நாளில். அப்படியும் போகத் துணிந்தேன் என்றால், உன் வார்த்தை எனக்குள் எவ்வளவு ஆழமாய்ப் போயிருக்கும் என்று பார்.

உன் அண்ணனின் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு நீ வந்தாய். புழுதி படிந்த முகம், அவிழ்ந்த பின்னல். வந்ததும் மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். நீயா கேட்பாய்?

"ஒயர் கழண்டுச்சு. நான் இழுத்தேன், கையோட வந்துச்சு. அது நெஜம். அத இப்பவும் சொல்லுவேன், நாளைக்கும் சொல்லுவேன்" என்றாய்.

"அதான் கெளம்பிட்டேம்லா, விடு" என்றேன்.

"இருடி, பேசிக்கினு கீறேன்ல? உனக்கு வராதுன்னு சொன்னேன் பாரு, அத நான் எத இழுத்துப் பாத்து சொன்னேன்? நாளைக்கு உனக்கு வருமா வராதான்னு எனக்கு எப்டித் தெரியும்? தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது பொய்தான? காலைல வூட்ல நிலம் விக்கற சண்ட. எங்கப்பா மேல வந்த கோவத்த உன் தலைல எறக்கிட்டேன்."

பஸ் வந்தது, போனது. நீ பையைப் பிடுங்கி வண்டியில் மாட்டினாய். "நீ ஒயர இழுக்கறது எப்டி கீது தெரியுமா? பூனக்குட்டிக்கு வலிக்கப் போவுதேன்னு தடவிக் குடுக்கற மாதிரி கீது. பயப்படாத, புடிச்சி இழு. சரியா ஒக்காந்தது இழுத்தா வராது" என்றாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை மாதத்தில் என் தப்பு எதனால் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. தப்பு என்று மட்டும்தான் சொன்னார்கள். மறுநாள் கூட்டத்தில், நேற்றுச் சொன்னதில் பாதி பொய் என்று நீ எல்லார் முன்னாலும் சொன்னபோது லீடருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. கறார் கறார்தான். ஆனால் கையில் வந்த ஒயர்வரைக்கும் பேசி, அதோடு வாயை மூடிக்கொள்ளப் பழகினாய். மூடும்போது உதட்டைக் கடிப்பாய். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று உன் அண்ணன் வெளியிலேயே சொல்லியிருந்தார். உள்ளே வருவதற்குள் என்னென்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தேன். எல்லாம் நல்ல வார்த்தைகள். நீ என்னை உட்காரக்கூட விடவில்லை. "கோமதி, நெஜமா சொல்லு. எப்டி கீறேன்?" என்றாய்.

"மெலிஞ்சிட்ட. முகம் ஊதியிருக்கு. கை சூடா இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியல" என்றேன். சொன்ன பிறகு, அடிப்பாவி, சாகக் கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா என்று என்னையே திட்டிக்கொண்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வர்றவங்க எல்லாரும் எழுந்து ஓடுவேன்றாங்க. அவங்களுக்கு எப்டித் தெரியும்? அவங்க போனப்புறம் தனியா கெடக்கற மாதிரி கீது. நீ கொஞ்ச நேரம் இரு" என்றாய். இருட்டுகிறவரை இருந்தேன். தலைவாரிப் பின்னிவிட்டேன். அதற்கடுத்த வாரம் நீ இல்லை. இதை எழுதும்போது உன்மேல் கோபம்கூட வருகிறது. இப்படி நடுவழியில் விட்டுவிட்டுப் போவாயா?

மணி இரண்டாகப் போகிறது. தேவி வாசலில் நிற்பது கண்ணாடியில் தெரிகிறது.

எழுதியதை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனேன். இப்போது ஷிப்ட் விட்டாயிற்று. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மிச்சத்தை எழுதுகிறேன்.

கதவைச் சாத்திவிட்டு அவளை மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரு கூட்டில் ஒயர்களை மாட்டச் சொன்னேன். மாட்டினாள். அவளுக்கு என்னைவிட வேகமான கை. நான் நினைத்த இடத்தில் நினைத்த தப்பையே செய்தாள்.

"தேவி, ரெண்டு ஒயரச் சேத்துப் பிடிச்சு இழுக்கே. உக்காந்த ஒயரு உக்காராத ஒயரையும் சேத்துத் தாங்கிக்கிடுது. அதனால கழண்டது உனக்குத் தெரிய மாட்டேங்கு. ஒண்ணொண்ணா இழுத்துப் பாரு" என்றேன். ஒரு வாரமாய்த் தயார் செய்தது அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

ஒவ்வொன்றாய் இழுத்தாள். ஒரு ஒயர் கையோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை.

"இத நீங்க எப்போ பாத்தீங்கக்கா?"

"போன வாரம்."

"போன வாரமேவா?" என்றாள். "ஒரு வாரமா என்னப் பாத்தா நீங்க மூஞ்சத் திருப்பிக்கினு போறீங்க. நான் இன்னாவோ பெரிய தப்பு பண்ணிட்டேன், வேல போச்சுன்னு நெனச்சிக்கினு தூக்கமே இல்லக்கா. அம்மா கேட்டா பதில் சொல்லத் தெர்ல. இவ்ளோதானா? அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

கோபமாய்க்கூட கேட்கவில்லை. சுமையை இறக்கி வைத்தவள் மாதிரிக் கேட்டாள். கையிலிருந்த கைக்குட்டையால் என் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டேன். அவள் அதற்குள் அடுத்த கூட்டை எடுத்து ஒவ்வொன்றாய் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். "அவ வேலைல ஒரு குறை இருந்தது சார். இன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கே திருத்திக்கிட்டா. போன வாரமே சொல்லியிருந்தா போன வாரமே திருத்தியிருப்பா. சொல்லாதது நான்தான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தேவியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் இல்லை. இத்தனை வருஷமாய் ஒரு நினைப்பில் இருந்தேன். நீ வெடுக்கென்று பேசுகிறவள், நான் யார் மனதையும் நோகடிக்காதவள் என்று. உன்னிடம் சொன்னதில்லை. உள்ளூர அதில் எனக்கு ஒரு பெருமை. என் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்துவிடக் கூடாதே என்று நான் பார்த்துப் பார்த்து இருந்த ஒரு வாரம், சேரப்பணஞ்சேரியில் ஒரு பெண் தூங்காமல் கிடந்திருக்கிறாள். உன் சுடுசொல்லுக்காவது ஒரே நாள்தான் ஆயுசு. காலையில் சொன்னதைச் சாயங்காலம் வண்டியெடுத்துக்கொண்டு வந்து பாதி திரும்ப எடுத்துக்கொண்டாய்.

பயம் இன்னும் போகவில்லை. அடுத்த பெண்ணிடம் பேசும்போதும் உள்ளங்கை வேர்க்கத்தான் போகிறது. வேர்த்த கையோடு அன்றைக்கே போய்ப் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் வாசலுக்குள் திரும்புகிறது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால், இன்றைக்கு அந்தச் சின்னப் பெண் சொன்னதை, போன வாரமே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாய்.