கன்னி மூலைக் கதவு

குன்னத்தூர்,
3.8.2025

அன்புள்ள மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். பேத்தி தேஜஸ்ரீக்குக் காய்ச்சல் விட்டதாக சுபஸ்ரீ சொன்னாள். நிம்மதி.

போனில் பேசினால் எனக்கு நாக்கு எழாது. நீங்கள் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். வரிசை தவறிவிடாமல் இருக்க, சொல்லப்போவதை முதலிலேயே போட்டுக்கொள்கிறேன்.

1. நாடகத்துக்கு நான் ஏன் போனேன்.
2. அங்கே என்ன நடந்தது.
3. அடுத்த காட்சியை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
4. ராஜ்கமல் நெருப்பு வைத்தது தவறு.
5. நீங்கள் செய்தது தெரியாமல் செய்தது.

முதலாவது. நம் அறக்கட்டளை மண்டபத்துக்கு நான் செயலாளர். அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. இது பாதி உண்மை. மீதி என்னவென்றால், ஆயுள் முழுக்கப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். "புரட்சிக்கான காரணங்களை எழுதுக" என்று கேட்டு ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தப் புரட்சி சரியா என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. நாடகம் போடும் தேவிப்பிரியா என்ற பெண் நோட்டீசிலேயே அதைக் கேட்டிருந்தாள்: "அநியாயத்துக்கு எதிராகக் கை ஓங்கலாமா?"

இரண்டாவது. அதில் கற்பனை வசனம் கிடையாது மாப்பிள்ளை. சென்ற தை மாதம் உங்கள் பனியன் கம்பெனியில் தீப்பிடித்தபோது அங்கே இருந்தவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, அப்படியே பேசுகிறார்கள். சிலர் தாங்களே வந்து நிற்கிறார்கள். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் ஹாலில் புகை வந்ததும் முன்வாசலுக்கு ஓடியவர்கள் தப்பினார்கள். தென்மேற்கு மூலைக் கதவுக்கு ஓடியவர்கள் இரண்டு பெண்கள். அது பூட்டியிருந்தது. ஒருத்தி ஜோதிகா. அவள் அம்மா செல்லத்தாய் விருதுநகர்ப் பக்கத்தவர். அழாமல், சந்தைக்குப் போய்வந்த கதையைப் போலச் சொன்னார். இன்னொருத்தி ஒடிசாக்காரப் பெண். அவள் வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அவள் முறை வந்தபோது மேடைக்கு யாரும் வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு உங்கள் கார். ஜோதிகாவின் கணவன் ராஜ்கமல், அவளைப் புதைத்த கையோடு வந்து கம்பெனி கேட்டில் அதைக் கொளுத்தியது உங்களுக்குத் தெரியும். வழக்கு நடப்பதால் அவன் மேடை ஏறவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். காருக்குள் இருந்த உங்கள் டிரைவர் அருண்பாண்டி வந்தான். வெந்து சுருங்கிய இரண்டு கைகளையும் காட்டினான். "ராஜ்கமலுக்கு நான் உள்ள இருந்தது தெரியாதுங்க. அவன்மேல கோவம் உண்டுங்க, இல்லீன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுங்க. நெருப்புப் புடிச்சப்ப எம்பட பக்கத்துக் கதவு தொறந்துச்சுங்க. அதனாலதான் உங்க முன்னால நிக்கறேன்" என்றான்.

முடிவில், நெருப்பு வைத்தது சரி என்பவர்கள் இடப்பக்கமும் தவறு என்பவர்கள் வலப்பக்கமும் போகச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லத்தாய் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னய்யா, உமக்குக் கால் வலியா, மருமகன் வலியா?" என்று கேட்டார்.

மூன்றாவது. அவர்கள் சொன்னதில் பொய்யான ஒரு வரியைக் காட்டுங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன். மாமனார் மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசுவது நம்மில் வழக்கமில்லை.

நான்காவது. அநியாயத்தைக் குறிவைத்த நெருப்பு அருண்பாண்டியின் கையில் பிடித்தது. இதற்குமேல் எனக்கு வாதம் வேண்டாம். வலப்பக்கம் போயிருக்க வேண்டியவன் நான்.

ஐந்தாவது. ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போன வருத்தத்தில் இருந்தீர்கள். கன்னி மூலையான தென்மேற்கில் வாசல் இருந்தால் தொழில் விளங்காது என்று வாஸ்துக்காரர் சொன்னதை நம்பி அந்தக் கதவைப் பூட்டினீர்கள். தீ வந்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. இதை செல்லத்தாயிடமும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கள் அன்புள்ள மாமா,
பொங்கியண்ணன்


பெருமாநல்லூர்,
9.8.2025

மாமா அவர்களுக்கு,

கதிர்வேல் வணக்கமுங்க. லெட்டர் கெடச்சுது. நான் பத்தாவதோட நின்னவன், உங்களாட்டம் நம்பர் போட்டு எழுத வராதுங்க.

எம்பட காரக் கொளுத்துனவன் கடைசி வரிசைல உக்காந்து பாக்கறான். எம்பட மாமனார் முன்வரிசைல உக்காந்து பாக்கறீங்க. ஒரு கண்ணாலத்துக்குப் போகமுடியலீங்க. "ஏனுங்க, உங்க மாமனார் எந்தப் பக்கம் எந்திரிச்சுப் போனாரு?"ன்னு கேக்கறாங்க. அவரு எந்திரிக்கவே இல்லீங்கன்னு சொன்னேன். அதுக்கும் சிரிக்கறாங்க.

நான் யாரையும் கொல்லலீங்க மாமா. அருண்பாண்டிய ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தது நானு. செல்லத்தாயி ஊட்டுக்குப் போயி கையெடுத்துக் கும்பிட்டு நின்னது நானு. அதெல்லாம் நாடகத்துல வந்துச்சுங்களா? வராதுங்க. மொதலாளின்னா வில்லன். கொளுத்தலாமா வேண்டாமான்னு ஓட்டுப் போடறதுக்கு நான் என்ன சூரசம்ஹாரத்துச் சூரனுங்களா?

உங்க அஞ்சாவது பாயிண்ட் மட்டும் சரிங்க. அத நாலு பேர்கிட்டச் சொல்லுங்க.

புது பில்டிங் முடியப்போகுதுங்க. ஐப்பசில கிரகப்பிரவேசம். நீங்களும் அத்தையும் முன்னால நிக்கோணும். வாஸ்துக்காரர் இதுலயும் கன்னி மூலைய அடைக்கச் சொல்லிட்டாருங்க. போன தடவையாட்டம் மாட்டிக்க மாட்டேன். பிளான்ல கதவு காட்டுன எடத்துல இப்பச் செவுரே வெச்சுட்டேன். கதவு இருந்தாத்தானுங்களே பூட்டுனான்னு சொல்லுவாங்க? இனி எவனும் நாடகம் போட முடியாது.

கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க மாமா. இல்லீன்னா தீவாளிக்கு சுபாவையும் பாப்பாவையும் அனுப்பறது கஷ்டமுங்க. சுபாவும் அதேதான் சொல்றா.

உங்கள் மருமகன்,
கதிர்வேல்


குன்னத்தூர்,
13.8.2025

மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அங்க எத்தன புள்ளைக வேல செய்யும்?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரம் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

படித்ததை நம்பாமல் நேரில் பார்ப்பது என் பழக்கம். நேற்று பஸ் ஏறி உங்கள் புது பில்டிங்குக்குப் போனேன். நீங்கள் இல்லை. தென்மேற்கு மூலையில் அந்தச் சுவர் இருந்தது. பூச்சு காயவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. ஜோதிகாவின் உள்ளங்கைகளைப் பற்றி செல்லத்தாய் மேடையில் சொன்னது ஞாபகம் வந்தது. அதை உங்களுக்கு முந்தைய கடிதத்தில் எழுதவில்லை. இப்போதும் எழுத முடியவில்லை.

கீழே ஒரு கடப்பாரை கிடந்தது. நான் அதை எடுத்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வகுப்பில் பிரம்பைக்கூட ஓங்காதவன் நான். இடுப்பு வரைக்கும் தூக்கினேன், அதற்குமேல் முடியவில்லை. கொத்தனார் ஓடிவந்து, "ஐயா, அத ஏனுங்க எடுக்கறீங்க? எறக்கி வெய்யுங்க" என்றார். வைத்துவிட்டேன். தூக்க முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அப்போது அந்த வழியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் இதுதான் உண்மை.

முதல் இரண்டில் மாற்றமில்லை.

மூன்றாவது. கையெழுத்துப் போடமாட்டேன். மண்டபத்தை அவர்களுக்கே மறுபடியும் கொடுத்திருக்கிறேன். அந்தச் சுவரைப் பற்றித் தீயணைப்பு நிலையத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் என் பெயர் போட்டு மனுக் கொடுத்துவிட்டேன். அடுத்த காட்சிக்குள் அங்கே கதவு வரவில்லையென்றால், மேடையில் நின்று அதைச் சொல்லப்போவது நான்தான். நான் எழுதிக் காட்டிய பேச்சை தேவிப்பிரியா திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எழுதினதெல்லாம் வேண்டாங்க ஐயா. கடப்பாரையத் தூக்குனத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சுபாவை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இருவர் விருப்பம். அத்தை தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டில் இனி யாராவது கேட்டால், உங்கள் மாமனார் எழுந்துவிட்டார் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால், கதவுப் பக்கம்.

நான்காவது. ராஜ்கமல் செய்தது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அருண்பாண்டியின் கைகளைப் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பது? ஆனால் கடப்பாரையைப் பிடித்த கையால் அதே வரியை எழுதும்போது பழைய உறுதி வரவில்லை. நெருப்பு வைக்கலாமா என்று அவனைக் கேட்க வந்திருக்கிறோம். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து கதவைத் திறங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சட்டம் கேட்கவில்லை, சொந்தம் கேட்கவில்லை. அவன் மட்டும்தான் வந்தான். அவனுக்குத் தெரிந்த வழியில் வந்தான்.

ஐந்தாவதை நாலு பேரிடம் சொல்லச் சொன்னீர்கள். நாளைக் காலை செல்லத்தாயிடம் போகிறேன், அவரிடமிருந்தே தொடங்குகிறேன். முதல் கதவைத் தெரியாமல் பூட்டினீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவதைத் தெரிந்துதான் சுவராக்கினீர்கள். தெரியாமல் செய்தீர்கள் என்று நான் எழுதினேன். அது தவறு.

பொங்கியண்ணன்