கைப்பிடியில்லாத பதினோரு படிகள்

மதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய தம்பி நைனா முகம்மது அவர்களுக்கு,

பர்மாவின் தாமுவேயிலிருந்து உன் மூத்த சகோதரியான லாத்தா சலாம் கூறி எழுதுவது. உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய கடிதம் இது. நீ மறைந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கியாக்டடா நடைபாதையில் மேசை போட்டுப் பிறருக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்தே வாழ்கிறவள், தன் தம்பிக்கு ஒரு கடிதம் எழுத இத்தனை காலம் எடுத்துக்கொண்டதைப் பொறுத்தருள வேண்டும்.

'அவர்களுக்கு' என்று நான் எழுதியதைக் கண்டு நீ சிரிப்பாய். "நான் என்ன பெரிய ஆபீசரா லாத்தா?" என்பாய். பள்ளிக்கூடம் எனக்கு நான்காம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பின் அறிந்த தமிழும் பர்மிய மொழியும் ஆங்கிலமும் நானே தேடிக் கற்றவை. கற்றதை உரிய மரியாதையோடு எழுதுவதே என் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றியே இன்று உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

நம்மவர்கள் ஆண்டுதோறும் அச்சிடும் மலருக்காக உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி கேட்டார்கள். அதைக் கடிதமாகவே எழுதுகிறேன். பிறரும் வாசிப்பார்கள் என்பதால் உன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். செல்வந்தர்கள் ஏறும் உல்லாசக் கப்பலில் நீ பணி செய்தாய். மத்தியதரைக்கடலின் துறைமுகம் ஒவ்வொன்றிலும் அவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கரைக்குப் போவார்கள். ஓரிடத்தில் சிறு படகைத் துடுப்பிட்டுக் கடற்குகைக்குள் நுழைவார்கள். மற்றோரிடத்தில் குதிரையேறித் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றுவார்கள். குழுவின் முன்னால் உள்ளூர் வழிகாட்டி நடப்பார். எண் எழுதிய பலகையைக் கம்பில் ஏந்தி, மருந்துப் பையும் குளிர்ந்த துவாலைகளும் சுமந்து, கடைசி ஆளாக நீ நடப்பாய்.

"முன்னால போறவரு கடலக் காட்டுவாரு. நான் எல்லார் முதுகையும் பாத்துக்கிட்டே போவேன் லாத்தா" என்பாய். முதுகை மட்டுமா பார்த்தாய்? யாருடைய குதிகால் தரையில் இழுபடுகிறது, யாருடைய கை சுவரைத் தேடுகிறது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்தது. நீ சொல்லச் சொல்ல, நான் காணாத அந்தக் கரைகள் எனக்கும் பழகிப்போயின.

ஒவ்வொரு நடைக்குப் பின்னும் நீ ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அது உனக்கு வரவில்லை. கண்டதையெல்லாம் கைபேசியில் தமிழும் பர்மிய மொழியும் கலந்து பேசி எனக்கு அனுப்பினாய். விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டு அதைக் கேட்பேன். உன் கப்பலில் விடிவதற்குள் செம்மையான ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். ஆறு ஆண்டுகள் அப்படியே நடந்தது. உன் பேச்சு எப்போதும் ஒரே விதமாக முடியும்: "சீக்கிரம் பதில் போடு லாத்தா."

சென்ற மாதம் கப்பல் நிறுவனத்திலிருந்து உன் மனைவி ஜொஹராவுக்கு ஒரு கடிதம் வந்தது. உன் அறிக்கைகளுள் ஒன்றைப் புதிய பணியாளர்களின் பயிற்சிக் கையேட்டில், உன் பெயரோடும் படத்தோடும் முன்மாதிரியாக அச்சிட விரும்புகிறார்களாம். குடும்பத்தின் இசைவு தேவையாம். ஜொஹரா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் மகள் அஸ்மா தமிழைக் கேட்பாள், பர்மிய மொழியில்தான் பதில் சொல்வாள். அவள் அந்தக் கடிதத்தைத் தன் வகுப்புக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

எனக்கும் பெருமைதான் தம்பி. மறைக்கமாட்டேன். அவர்கள் தேர்ந்தெடுத்தது எலுமிச்சைத் தோட்ட நடையின் அறிக்கை. மலையூரிலிருந்து தோட்டங்களின் ஊடே இறங்கினால், கீழே பாய்மரப் படகில் வெள்ளை விரிப்பிட்ட மேசையில் விருந்து காத்திருக்கும். நான் எழுதியவற்றுள் அதைவிட நன்றாக அமைந்தது வேறில்லை. இசைவுக் கடிதத்தை அன்றே தட்டச்சு செய்துவிட்டேன்.

அதை அனுப்புவதற்குள் உன் கப்பல் தோழர் கோ தெய்ன் விடுமுறையில் வந்தார். போட்டாதாங்கில் தம் வீட்டுக்குப் போன மறுநாளே நம் வீட்டுக்கும் வந்து ஜொஹராவைப் பார்த்தார். தேநீர் கொடுத்து, அந்த அறிக்கையை அவர் கையில் வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் வைத்தேன். படித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு என்னை 'மமா', அதாவது அக்கா, என்றழைத்துப் பர்மிய மொழியில் மெல்லக் கேட்டார்: "இந்த வழியிலதானே அந்த அம்மா விழுந்தாங்க, மமா. அவன் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

நீ சொல்லவில்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அறிக்கை போன அடுத்த பயணத்தில், அதே வழியின் கடைசிப் படிகளில், கைத்தடி ஊன்றி வந்த ஒரு முதியவள் உருண்டு விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. நீ எண் பலகையின் கம்பை உடைத்து, அவள் கையோடு வைத்துத் துவாலையால் கட்டினாய். மீதிப் படிகளில் அவளை முதுகில் சுமந்து இறங்கினாய். அன்று தூறல் இருந்ததால் குற்றத்தை மழையின் மேல் போட்டுவிட்டார்களாம். நடை இன்றும் அந்த வழியேதான் போகிறதாம்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னைக்கு ஆபீசரே எழுதிட்டாரு லாத்தா, நீ ரெஸ்ட் எடு" என்று ஒரே வரி அனுப்பினாய். என் எழுத்து இருக்க வேறொருவர் எழுதியதில் எனக்கு மனத்தாங்கல்கூட உண்டாயிற்று.

ஏன் சொல்லாமல் விட்டாய் என்று கோ தெய்னிடம் கேட்டேன். "'லாத்தாவுக்குத் தெரிஞ்சா அப்புறம் ஒரு எழுத்துகூட எழுத மாட்டா'ன்னான், மமா" என்றார்.

உன் பழைய குரல்பதிவுகள் எல்லாம் என் கைபேசியில் இருக்கின்றன. நீ போனபின் அவற்றைத் திறக்க எனக்குத் துணிவில்லாமல் இருந்தது. மறுநாள் காலை ஜொஹராவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எலுமிச்சைத் தோட்டத்துப் பதிவைத் தேடி எடுத்தேன். காய்கள் ஒவ்வொன்றும் கைக்கடங்காத பருமன் என்கிறாய். படகு விருந்தெல்லாம் நம் மொஹிங்கா ஒரு கிண்ணத்துக்கு ஈடாகாது என்கிறாய். ஜொஹரா சிரித்தாள், எட்டு மாதத்தில் முதன்முறையாக. பிறகு உன் குரல் தணிந்தது.

"கடைசி பதினோரு படிக்குக் கைப்பிடி இல்ல லாத்தா. எண்ணிப் பாத்துட்டேன். வயசானவங்கள 'சுலபமான வழி'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது பாவம். வேற எது விட்டாலும் இத விட்றாத."

நான் அதைத்தான் விட்டேன். அதன் இடத்தில் நான் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இயற்கை எழிலோடு இயைந்த இவ்விறங்குபாதை எவ்வயதினர்க்கும் உகந்தது.' நீ சொன்னதைக் கேட்காமல் எழுதவில்லை, கேட்டேன். அழகாக அமைந்த பத்தியின் நடுவே பதினோரு படியும் பாவமும் பொருந்தவில்லை. குறை சொல்கிறவன் என்று உன்மேல் பெயர் விழுமோ என்றும் அஞ்சியதாக இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அச்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். பத்தி அழகாக இருந்ததுதான் உண்மையான காரணம்.

இந்த அறிக்கையை அச்சிட்டால், உன் இடத்தில் கடைசி ஆளாக நடக்கப் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுவார்கள். உண்மையைச் சொன்னாலோ, சொற்கள் உன்னுடையவை அல்ல என்று தெரிந்து உன் பெயரையே எடுத்துவிடக்கூடும். ஜொஹராவிடம் இரண்டையும் சொன்னேன்.

"அவங்க பேரு வராமப் போயிடுமா லாத்தா?" என்றாள்.

"போகலாம்."

அஸ்மா வகுப்பில் என்ன சொல்வாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கைபேசியை என்னிடமிருந்து வாங்கி உன் பேச்சை இன்னொரு முறை கேட்டாள். "இது அவங்க வாயால சொன்னது. இத எழுதுங்க. பேரு வந்தா வரட்டும்" என்றாள்.

முன்பு தட்டச்சு செய்த இசைவுக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அதில் நிறுவனத்துக்குச் சொன்னது இவ்வளவுதான்: பார்த்தவை என் தம்பியின் கண்கள், எழுதியது நான், அவன் சொன்ன எச்சரிக்கையை நீக்கியவளும் நானே, இனி அவ்வழியில் முதியவர்களை அழைத்துச் செல்லுமுன் அந்தப் பதினோரு படிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். கீழே உன் சொற்களை ஒன்றுவிடாமல் நேராக ஆங்கிலத்தில் வைத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களுள் அலங்காரமே இல்லாதது அது ஒன்றுதான். அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. அங்கிருந்து இன்னும் பதில் இல்லை.

என்ன பதில் வந்தாலும் அஸ்மாவுக்கு உன் குரலைப் போட்டுக் காட்டுவேன். அவளுக்குப் புரியாத சொல் இருந்தால் பர்மிய மொழியில் சொல்வேன். என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்வதில், எனக்கு அழகாகப் படவில்லை என்பதற்காக ஒரு சொல்லையும் இனி நீக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒன்றுமட்டும் எனக்கு விளங்கவில்லை நைனா. அந்த முதியவளை முதுகில் சுமந்து அந்தப் படிகளில் இறங்கியபோது என்மேல் உனக்குக் கோபம் வந்ததா?

சீக்கிரம் பதில் போடு.

உன் உடன்பிறந்த லாத்தா,
ரஹ்மத்து பீவி